1962: முதல் குண்டுக்கு முன்னால்

(இளைஞர்களுக்கான வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று பேச எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பே ஒரு கேள்விதான்: 1962 இந்திய – சீனப் போரைத் தொடங்கியது யார்? கேள்வியைக் கேட்டதும் உங்களில் பலருக்கு விடை தயாராக இருக்கும். 'நாம் நட்புக் கரம் நீட்டினோம், சீனா முதுகில் குத்தியது' என்பது நம் பொதுப்புத்தியில் ஊறிப்போன விடை. 'நேரு வம்புக்கு இழுத்தார், சீனா திருப்பி அடித்தது' என்பது இடதுசாரி வட்டங்களில் நீண்ட காலம் புழங்கிய விடை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். அதனால்தான் இரண்டுமே அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் உயிரோடு இருக்கின்றன.

சாதி ஒழிப்பு பேசுகிற நமக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சேரிக்குள் புகுந்து குடிசைகளைக் கொளுத்திய மறுநாள் செய்தித்தாள் என்ன எழுதுகிறது? 'இரு பிரிவினரிடையே மோதல்' என்று எழுதுகிறது. விசாரிக்க வருகிற அதிகாரி கேட்கிற முதல் கேள்வி என்ன? 'முதலில் கல்லெறிந்தது யார்?' ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கவிடாதது, தனிக்குவளை வைத்தது, கோயிலுக்குள் விடாதது, புகார் கொடுத்தவனின் கூலியை நிறுத்தியது எதுவும் அந்தக் கேள்விக்குள் வராது. கல் பறந்த நொடியிலிருந்துதான் அவர்களுக்கு வரலாறு தொடங்குகிறது. 'இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது' என்று முடித்துவிட்டாலோ, யார் என்ன செய்தார்கள் என்ற கணக்கே காணாமல் போய்விடுகிறது. இந்த இரண்டு ஏமாற்றையும் அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம். அந்த அனுபவத்தை உலக விவகாரங்களைப் பார்க்கும்போதும் கழற்றி வைக்கத் தேவையில்லை.

ஆனால் இந்த ஒப்புமையை ஓர் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இந்தியாவும் சீனாவும் ஊரும் சேரியும் போல இருந்தவை அல்ல. இரண்டும் பெரிய அரசுகள். இரண்டும் அன்னிய ஆதிக்கத்திலிருந்து அப்போதுதான் விடுபட்டவை. இரண்டும் தங்களைப் பாதிக்கப்பட்டவர்களாகவே நினைத்துக்கொண்டவை. ஆகவே கேள்வி கேட்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'யார் தொடங்கியது' என்ற ஒரு கேள்வியை நான்காகப் பிரிப்போம். பெருந்தாக்குதலைத் தொடுத்தது யார்? சண்டைக்குக் காரணமான கோடுகள் எங்கிருந்து வந்தன? பேச்சுவார்த்தைக் கதவை அடைத்தது யார்? துப்பாக்கிகளை முகத்துக்கு முகம் கொண்டுவந்து நிறுத்தியது யார்?

முதல் கேள்விக்கு விடை தெளிவானது. 1962 அக்டோபர் 20 விடியற்காலையில் சீனப் படைகள் கிழக்கே நாம்கா சூ ஆற்றங்கரையிலும் மேற்கே லடாக்கிலும் ஒரே நேரத்தில் தாக்கின. இரண்டு முனைகளுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். இமயமலையின் உயரத்தில், அவ்வளவு தொலைவில் இருக்கும் இரண்டு முனைகளில் ஒரே காலையில் பாய்வதற்குப் பீரங்கியும் உணவும் ஆட்களும் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கோபத்தில் சட்டென்று திருப்பி அடித்ததாக இதைச் சொல்ல முடியாது. திட்டமிட்ட போர் இது. நவம்பர் நடுவில் இரண்டாவது அலை வந்தது. வாலோங், சேலா, போம்டிலா வரிசையாக விழுந்தன. நவம்பர் 21 அன்று சீனா தானாகவே போர் நிறுத்தம் அறிவித்தது. கிழக்கில் பிடித்த இடங்களிலிருந்து பின்வாங்கியது. மேற்கில் அக்சாய் சின்னைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்தத் தாக்குதலுக்கான பொறுப்பு மாவோவையும் சீனத் தலைமையையுமே சாரும். வேறு எந்த விளக்கமும் அதைத் துடைத்துவிடாது.

இதோடு கூட்டத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அரசுகளும் அதைத்தான் விரும்புகின்றன. நாம் இன்னும் கொஞ்சம் உட்காருவோம்.

இரண்டாவது கேள்வி, கோடுகள். கிழக்கில் இருப்பது மக்மகான் கோடு. 1914இல் சிம்லா மாநாட்டையொட்டி பிரிட்டிஷ் இந்தியாவின் வெளியுறவுச் செயலர் ஹென்றி மக்மகானும் திபெத்தின் பிரதிநிதியும் ஒரு வரைபடத்தில் போட்டுக்கொண்ட கோடு. ஓர் அங்குலத்துக்கு எட்டு மைல் என்ற அளவில் தடித்த பேனாவால் வரைந்தது. தரையில் அளந்து கல் நட்டதில்லை. சீன அரசு அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. கோட்டுக்குத் தெற்கே காட்டப்பட்ட தவாங்கில், பல ஆண்டுகள் கழித்தும் திபெத்திய அதிகாரிகள்தான் வரி வசூலித்து வந்தார்கள். 1951 பிப்ரவரியில் மணிப்பூரின் தாங்குல் நாகா இனத்தைச் சேர்ந்த மேஜர் பாப் காதிங் ஒரு சிறு படையுடன் போன பிறகே இந்திய நிர்வாகம் அங்கே வந்தது.

மேற்கில் நிலைமை இன்னும் மோசம். 1865இல் ஜான்சன் என்ற நில அளவையாளர் அக்சாய் சின்னைக் காஷ்மீருக்குள் சேர்த்து வரைந்தார். 1899இல் அதே பிரிட்டிஷ் அரசு, அக்சாய் சின்னின் பெரும்பகுதியைச் சீனப் பக்கம் விடும் இன்னொரு கோட்டைச் சீனாவிடம் முன்மொழிந்தது. சீனா பதிலே சொல்லவில்லை. ரஷ்யப் பேரரசு நெருங்கினால் கோட்டை வடக்கே தள்ளுவதும், அச்சம் குறைந்தால் தெற்கே இழுப்பதுமாக லண்டனும் கல்கத்தாவும் விளையாடின. சுதந்திரம் வந்தபோது இந்திய வரைபடங்களில் அந்தப் பகுதிக்கு நேரே 'எல்லை வரையறுக்கப்படவில்லை' என்றே அச்சிட்டிருந்தது.

1954 ஜூலை 1 அன்று நேரு ஒரு குறிப்பு எழுதினார். பழைய வரைபடங்களை எடுத்துவிட வேண்டும். புதிய வரைபடங்களில் உறுதியான எல்லையைக் காட்ட வேண்டும். அந்த எல்லை யாரோடும் விவாதத்துக்குரியதல்ல என்பது அதன் சாரம். பஞ்சசீல ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்து நாட்டோடு பேசி முடிக்க வேண்டிய ஒன்றை அலுவலக மேசையில் மை தொட்டு முடித்தாயிற்று.

இதில் சீனா யோக்கியமா? அதுவும் இல்லை. தன் வரைபடங்களில் இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் பெரும்பகுதியைத் தன்னுடையதாகக் காட்டிக்கொண்டே, அவையெல்லாம் பழைய ஆட்சிக் காலத்து வரைபடங்கள், இன்னும் திருத்தவில்லை என்று 1954இல் சூ என்லாய் நேருவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபக்கம் அக்சாய் சின் வழியாகச் சிங்சியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் சாலை போடப்பட்டுக்கொண்டிருந்தது. இந்தியா உரிமை கோரும் நிலத்துக்குள் சுமார் 180 கிலோமீட்டர் ஓடுகிற அந்தச் சாலை 1957இல் முடிந்தது. சீனாவே அறிவித்த பிறகுதான் டெல்லிக்கு விவரம் தெரிந்தது. 1958 அக்டோபரில் டெல்லி எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. நாடாளுமன்றத்துக்கு விஷயம் வந்ததோ 1959இல். தன் மக்களிடம் மறைத்தே காரியம் செய்யும் வழக்கத்தில் இரண்டு அரசுகளும் ஒத்துப்போயின.

இந்தக் கோட்டுக் கதையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்: திபெத். 1914 ஒப்பந்தம் செல்லும் என்று இந்தியா சொல்ல வேண்டுமானால், ஒப்பந்தம் போடும் உரிமை திபெத்துக்கு இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் 1954இல் திபெத்தைச் 'சீனாவின் திபெத் பகுதி' என்று எழுதிக் கையெழுத்திட்டது இதே இந்தியாதான். திபெத்துக்குத் தனியாகக் கையெழுத்துப் போடும் தகுதியே இல்லை என்று சீனா சொல்கிறது. 1950இல் படையை அனுப்பி அந்தக் கூற்றை நிலைநாட்டியது. யாருடைய நிலத்தை ஒட்டிக் கோடு போட்டார்களோ, அந்தத் திபெத்தியரையோ தவாங்கின் மோன்பா மக்களையோ லடாக்கியரையோ எந்தத் தலைநகரும் கேட்கவில்லை.

இதை அப்போதே சொன்னவர் ஒருவர் உண்டு. 1951இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது பாபாசாகேப் அம்பேத்கர் வெளியிட்ட அறிக்கை இந்து சட்ட மசோதாவுக்காகவே நினைவுகூரப்படுகிறது. அதே அறிக்கையில் வெளியுறவுக் கொள்கையும் ஒரு காரணம் என்றார். ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாயில் 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது. நெருக்கடியில் கைகொடுக்க நமக்கு நண்பர்களே இல்லாததன் விளைவு இது என்று கணக்குச் சொன்னார். 1954 ஆகஸ்டில் மாநிலங்களவையில் பஞ்சசீலத்தை நம்பி உட்கார்ந்திருப்பதையும் திபெத்தைச் சீனாவிடம் விட்டதையும் வெளிப்படையாக விமர்சித்தார். அவர் முன்வைத்த மாற்று, மேற்கு நாடுகளோடு நெருங்குவது. அது சரியா என்பது வேறு விவாதம். எல்லை, ராணுவம், வெளியுறவு ஆகியவை 'பெரியவர்கள்' மட்டும் பேசும் விஷயங்கள் என்ற மரியாதையை அவர் ஒருபோதும் கொடுக்கவில்லை. நாமும் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி, பேச்சுவார்த்தை. 1959 மார்ச்சில் லாசாவில் கிளர்ச்சி. தலாய் லாமா தவாங் வழியாக இந்தியாவுக்கு வந்தார். ஆகஸ்டில் லோங்ஜுவில் துப்பாக்கிச் சூடு. அக்டோபர் 21 அன்று கோங்கா கணவாயில் இந்தியக் காவலர்கள் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளைத்தான் காவலர் வீரவணக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். இரண்டு சம்பவங்களிலும் 'முதலில் சுட்டது அவர்கள்தான்' என்று இரண்டு தலைநகரங்களும் ஒரே வசனத்தைப் பேசின.

1960 ஏப்ரலில் சூ என்லாய் டெல்லிக்கு வந்தார். கிழக்கே மக்மகான் கோட்டை நாங்கள் அனுசரித்துப் போகிறோம், மேற்கே அக்சாய் சின்னை நீங்கள் விட்டுவிடுங்கள் என்பதுதான் அவர் சுற்றி வளைத்து வைத்த பேரம். நேரு ஏற்கவில்லை. ஏற்றிருக்க வேண்டுமா? சுமார் 38,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை ரகசியமாகச் சாலை போட்டுப் பிடித்துக்கொண்டு, பிறகு அதற்குப் பேரம் பேசுவதை எந்த அரசும் எளிதில் விழுங்காது. நாடாளுமன்றத்தில் ஜனசங்கம், சுதந்திரா, பிரஜா சோசலிஸ்டு என எதிர்க்கட்சிகள் ஓர் அங்குலம் கூட விடக் கூடாது என்று நின்றன. அந்த மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம், நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று பெருபாரி வழக்கில் கருத்துச் சொல்லியிருந்தது. நேருவின் கை கட்டப்பட்டிருந்தது உண்மை. 'விவாதத்துக்குரியதல்ல' என்று 1954இல் எழுதி அந்தக் கயிற்றின் முதல் முடிச்சைப் போட்டவரும் அவரே. மறைத்து வைத்து மறைத்து வைத்து, திடீரென மக்கள் முன் போட்டு உடைத்தால், மக்கள் கொதிப்பார்கள். கொதித்த மக்களைக் காட்டி, 'என்னால் பேரம் பேச முடியாது' என்று அரசு சொல்லும்.

நான்காவது கேள்விதான் நம் நாட்டில் அதிகம் மூடி மறைக்கப்பட்டது. 1961 நவம்பர் 2 அன்று டெல்லியில் நடந்த கூட்டத்தில் 'பார்வர்டு பாலிசி' என்ற முன்னேறும் கொள்கை முடிவானது. சீனர் பிடித்துவைத்திருந்த பகுதிகளுக்குள் முன்னேறிப் போய், அவர்களுடைய காவல் நிலைகளுக்கு நடுவிலும் பின்னாலும் சின்னச் சின்ன இந்தியக் காவல் நிலைகளை அமைக்க வேண்டும். பத்துப் பேர், இருபது பேர். நாம் போய் உட்கார்ந்துவிட்டால் சீனர்கள் சுட மாட்டார்கள் என்பது உளவுத்துறைத் தலைவர் மல்லிக் தரப்பின் கணிப்பு. அந்தக் கணிப்பின் மேல்தான் அத்தனை உயிர்களும் வைக்கப்பட்டன. படை போதாது, சாலை இல்லை என்று களத்திலிருந்து வந்த எச்சரிக்கைகளை டெல்லி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1962 ஜூனில் கிழக்கே தோலா என்ற காவல் நிலை அமைந்தது. 1914 வரைபடத்தில் வரைந்திருக்கிறபடி பார்த்தால் அந்த இடம் கோட்டுக்கு வடக்கே வருகிறது. மலை முகடுதான் எல்லை, ஆகவே அது நம்முடையதே என்பது இந்தியாவின் வாதம். செப்டம்பர் 8 அன்று தாக்லா மலையிலிருந்து சீனப் படை இறங்கி அதை நெருக்கியது. அந்த நேரத்தில் பிரதமர் நாட்டில் இல்லை. விரைவில் பாதுகாப்பு அமைச்சரும் ஐ.நா.வுக்குப் போய்விட்டார். சீனரை அங்கிருந்து வெளியேற்று என்ற உத்தரவு மட்டும் போனது. அக்டோபர் 12 அன்று இலங்கைப் பயணத்துக்குப் புறப்படும்போது, நம் பகுதியிலிருந்து சீனரை வெளியேற்றப் படைக்குச் சொல்லியிருப்பதாக நேரு விமான நிலையத்தில் செய்தியாளர்களிடம் சொன்னார். உலகமே அதைப் படித்தது. பீஜிங்கும் படித்தது. அந்த நாளில் நாம்கா சூவில் இருந்த நம் வீரர்களிடம் இருந்தவை பருத்திச் சீருடை, கான்வாஸ் காலணி, பழைய 303 ரைபிள். அந்தப் படைப்பிரிவின் தளபதி பிரிகேடியர் தால்வி சீனரிடம் சிறைப்பட்டு, விடுதலையான பின் எழுதிய நூலில் இவற்றையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்.

ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்கிறார்கள்? அப்போது டெல்லியில் 'தி டைம்ஸ்' நிருபராக இருந்த நெவில் மேக்ஸ்வெல் 1970இல் எழுதிய நூலுக்கு 'இந்தியாவின் சீனப் போர்' என்று பெயர் வைத்தார். போரை வரவழைத்தது இந்தியா என்பது அவர் வாதம். ஸ்வீடன் பத்திரிகையாளர் பெர்டில் லிண்ட்னர் 2018இல் அதைத் திருப்பிப் போட்டு 'சீனாவின் இந்தியப் போர்' என்று எழுதினார். முன்னேறும் கொள்கைக்கு முன்பே, 1959 முதலே சீனா தயாரானது என்பது அவர் வாதம். அமெரிக்க ஆய்வாளர் ஜான் கார்வர், இந்தியா திபெத்தைப் பறிக்கப் பார்க்கிறது என்ற சீனத் தலைமையின் நம்பிக்கை பெரும்பாலும் தவறானது என்கிறார். முன்னேறும் கொள்கையும் சீனாவைப் போரை நோக்கித் தள்ளியது என்றும் சொல்கிறார். ஒன்றையும் மறக்கக் கூடாது. 1959 முதல் 1961 வரை சீனாவில் கோடிக்கணக்கானோர் பட்டினியில் செத்தார்கள். மாவோவின் 'பெரும் பாய்ச்சல்' கட்சிக்குள்ளேயே கேள்விக்குள்ளானது. திபெத்தில் தன் ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை வெளிநாட்டுச் சதி என்று மட்டுமே பார்க்க அந்தத் தலைமை விரும்பியது.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மறுக்கலாம். அக்டோபர் 20 தாக்குதலுக்குச் சீனா முழுப் பொறுப்பு. அதற்கு முன் திபெத்தை ஆயுதத்தால் அடக்கியதற்கும், ரகசியச் சாலைக்கும் அதுவே பொறுப்பு. எல்லைத் தகராற்றைப் பேசித் தீர்க்க முடியாத இடத்துக்குத் தள்ளியதில் இரண்டு அரசுகளும் பங்காளிகள். கையில் பலமில்லாமல் வீரர்களை எதிரியின் வாய்க்குள் கொண்டுபோய் வைத்த குற்றம் இந்திய அரசுடையது. இந்தியாவின் இந்தக் குற்றம் சீனாவின் தாக்குதலை நியாயப்படுத்தாது. சீனாவின் தாக்குதல் இந்திய அரசை விசாரணையிலிருந்து விடுவிக்கவும் விடுவிக்காது. 'இரண்டு பக்கமும் தப்பு' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதற்கும், நாள் குறித்து, செயல் குறித்துப் பங்கு பிரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

விலை கொடுத்தவர்கள் யார்? இந்திய அரசின் கணக்கில் 1,383 பேர் இறந்தார்கள். 1,696 பேர் காணவில்லை. 3,968 பேர் சிறைப்பட்டார்கள். நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லாவில் குமாவோன் ரெஜிமெண்டின் ஒரு கம்பெனி ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தது. நூறுக்கும் மேற்பட்டோர். பனி உருகத் தொடங்கிய பிறகே அவர்கள் உடல்கள் கிடைத்தன. அவர்கள் ஹரியானா பக்கத்து அகீர் சாதி விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு சாதியினரை மட்டும் சேர்த்து ஒரு கம்பெனி அமைக்கும் வழக்கம், 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்று பிரிட்டிஷார் சாதிகளைத் தரம் பிரித்ததன் எச்சம். அந்தத் தரப்பட்டியலைக் காட்டித்தான், அம்பேத்கரின் தந்தை சுபேதாராக இருந்த ராணுவத்தில் மகர்களுக்கு ஆளெடுப்பை நிறுத்தினார்கள். டெல்லியில் நவம்பர் 2 கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் பிள்ளைகள் யாரும் ரெசாங் லாவில் சாதி வாரியாக நிறுத்தப்படவில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அசாமின் மாகும், தின்சுகியா, அதோடு ஷில்லாங், டார்ஜிலிங் பகுதிகளில் வாழ்ந்த சீன வம்சாவளியினர். பலரின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிவந்த கூலிகள். அசாமியப் பெண்களை மணந்து, அசாமிய மொழி பேசி வாழ்ந்தவர்கள். 1962 நவம்பரில் அவர்களை வீடு வீடாகப் பிடித்தார்கள். சுமார் 3,000 பேரை நாள்கணக்கில் ரயிலில் அடைத்து ராஜஸ்தானின் தியோலி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். போர் நடந்தது ஒரு மாதம். முகாமின் கடைசி ஆட்கள் வெளியே வந்தது 1967இல். அதற்குள் பலருடைய வீடும் கடையும் எதிரிச் சொத்தாக ஏலம் போயிருந்தன. இன்று வரை இந்திய அரசு அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர்களின் குடியுரிமை பறிபோன கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை புரியாமல் போகாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1962 மே மாதம் மாநிலங்களவையில் தன் முதல் உரையிலேயே அண்ணா திராவிட நாடு கோரிக்கையை எழுப்பினார். அக்டோபரில் போர் வந்தது; 26ஆம் தேதி நெருக்கடி நிலையும் இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டமும் வந்தன. திமுக அரசுக்கு ஆதரவு அறிவித்துப் பிரிவினைப் பேச்சை நிறுத்திவைத்தது. 1963இல் அரசியல் சட்டத்தின் 16ஆவது திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்போம் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றானது. அந்தத் தடை பற்றிய பேச்சு போருக்கு முன்பே டெல்லியில் இருந்ததுதான். போர் அதற்கு எதிர்ப்பில்லாத பாதையைத் திறந்துவிட்டது. அந்த ஆண்டே கோரிக்கை கைவிடப்பட்டது. கம்யூனிஸ்டுகள் நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். ஒரு மாதப் போருக்காக வந்த நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை நீடித்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கலைஞர் கருணாநிதியைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தது எந்தச் சட்டத்தின் பெயரால்? சீனாவுக்கு எதிராகக் கொண்டுவந்த அதே பாதுகாப்புச் சட்டத்தின் பெயரால்தான். எல்லையில் நீட்டப்படும் துப்பாக்கி ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே திரும்பும் என்பதற்கு நம் ஊர்ச் சிறைகளே சாட்சி.

இவ்வளவுக்குப் பிறகும் யார் பொறுப்பு என்பதை இந்திய அரசு விசாரித்ததா? விசாரித்தது. லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸ், பிரிகேடியர் பகத் இருவரும் 1963இல் அறிக்கை கொடுத்தார்கள். படையின் தோல்வியை மட்டும் பாருங்கள், அரசியல் முடிவுகளுக்குள் போகாதீர்கள் என்று அந்த விசாரணைக்கே எல்லை போடப்பட்டிருந்தது. அந்த அறிக்கையும் இன்று வரை வெளியிடப்படவில்லை. 2010இல் காங்கிரஸ் ஆட்சியின் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி, அதில் உள்ளவை இன்றைக்கும் ராணுவ முக்கியத்துவம் உள்ளவை என்று காரணம் சொன்னார். 2014 மார்ச்சில் மேக்ஸ்வெல் அதன் ஒரு பகுதியை இணையத்தில் போட்டார். அப்போது எதிர்க்கட்சியில் இருந்த அருண் ஜெட்லி, இதை எப்போதோ வெளியிட்டிருக்க வேண்டும் என்று எழுதினார். ஜூலையில் அவரே பாதுகாப்பு அமைச்சராக மாநிலங்களவையில் நின்று, வெளியிடுவது தேச நலனுக்கு ஏற்றதல்ல என்றார். நடுவில் கழிந்தது நான்கு மாதம். கட்சி மாறினாலும் பூட்டு மாறவில்லை. சீனாவிலோ இப்படிக் கேட்பதற்கே ஆளில்லை. கேட்டால் இருக்கவும் விட மாட்டார்கள். அதைக் காட்டி நம் அரசு தப்பிக்க நாம் இடம் கொடுக்கக் கூடாது.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். ஜூன் 17 அன்று வெளியுறவு அமைச்சகம், நம் பக்கத்தில் சீனா கட்டுமானம் எழுப்ப முயன்றதே காரணம் என்றது. ஜூன் 19 அன்று அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் பிரதமர், நம் எல்லைக்குள் யாரும் நுழையவும் இல்லை, யாரும் இருக்கவும் இல்லை என்றார். அப்படியானால் அந்த 20 பேரும் எங்கே, எதற்காக நின்றபோது செத்தார்கள்? கேட்டவர்களுக்குத் தேசத் துரோகிப் பட்டம் கிடைத்தது. ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் தடை செய்யப்பட்டன. சீனா தன் தரப்பில் நால்வர் இறந்ததாக ஒப்புக்கொள்ளவே எட்டு மாதம் எடுத்துக்கொண்டது. 1962இன் அதே பழக்கம், அதே இரண்டு அரசுகள்.

ஆகவே தோழர்களே, இனி எந்த இரண்டு அண்டை நாடுகளுக்கு இடையில் போர் வந்தாலும், 'முதலில் சுட்டது யார்' என்று கேளுங்கள். அதைக் கேட்காமல் விடுவது செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம். அதோடு நிற்காமல் இன்னும் மூன்றைக் கேளுங்கள். அந்தக் கோட்டை வரைந்தது யார், கோட்டருகே வாழ்கிறவர்களைக் கேட்டார்களா? பேச வாய்ப்பிருந்தபோது பேசாமல் விட்டது யார்? போரைக் காட்டி எங்கள் ஊரில் யாருடைய வாயை அடைக்கிறார்கள்? அடுத்த நாட்டு அரசின் குற்றத்தைக் கண்டிக்கிற உரிமை நமக்கு உண்டு. ஆனால் நம் வரிப்பணத்தில், நம் பெயரைச் சொல்லி முடிவெடுக்கிற நம் அரசிடம்தான் நாம் கணக்குக் கேட்க முடியும். கேட்டே ஆக வேண்டும்.

இந்தக் கூட்டத்திலிருந்து இரண்டு கோரிக்கைகளை எழுப்பலாம் என்று நினைக்கிறேன். ஹெண்டர்சன் புரூக்ஸ் – பகத் அறிக்கையை முழுமையாக வெளியிட வேண்டும். தியோலி முகாமில் அடைக்கப்பட்ட குடும்பங்களிடம் இந்திய அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அங்கே குழந்தைகளாக அடைபட்டவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழும்படி அந்த மன்னிப்பு வர வேண்டும்.